ஆரஞ்சு ஸ்விஃப்டுக்கு என்ன விலை? ஒரு பழைய கார் கடையும் ஓர் இணைய ஏலச் சேவையும்

பழைய காரை விற்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடை வாசலில் இறங்கியதும் கேட்கும் கேள்வி, "இந்தக் கலருக்கு எவ்வளவு குறைப்பீங்க?" என்பதுதான். சென்னையை ஒட்டி, தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கும் ஒரு பழைய கார் கடையையும், வீட்டுக்கே ஆள் அனுப்பி வண்டியைச் சோதித்து ஏலத்தில் விடும் ஓர் இணையச் சேவையையும் அந்தக் கேள்வியை முன்வைத்தே இங்கே மதிப்பிடுகிறேன். இரண்டின் பெயரையும் சொல்லப்போவதில்லை. அந்தச் சாலையில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஏறக்குறைய இதே பேச்சைத்தான் கேட்க முடியும். இணையச் சேவைகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று நடப்பவைதான்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிறம் வண்டியின் மதிப்பை நேரடியாகத் தின்பதில்லை. வண்டி கடையில் நிற்கும் காலத்தை நீட்டுகிறது. கடைக்காரர் கழிப்பது அந்தக் காலத்துக்கான வட்டியையும் வாடகையையும்தான். அந்தக் காத்திருப்பை நாமே ஏற்றுக்கொள்ள முடிந்தால் கழிவில் பெரும்பகுதி நம்மிடமே நிற்கும். முடியாதென்றால் கடைக்காரர் சொல்லும் தொகை ஒன்றும் அநியாயமல்ல.

விற்க வேண்டியிருந்தது என் அக்காவின் மாருதி சுசுகி ஸ்விஃப்ட். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அறிமுகமான மூன்றாம் தலைமுறை, விஎக்ஸ்ஐ பெட்ரோல், ஒரே உரிமையாளர். நிறம், கம்பெனி 'லூசென்ட் ஆரஞ்சு' என்று பெயரிட்டிருந்த பளபளப்பான ஆரஞ்சு. வெயிலில் பார்த்தால் செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்ததுபோல இருக்கும். அதே கடையில் அதே ஆண்டு, அதே விஎக்ஸ்ஐ ரகத்தில் வெள்ளை ஸ்விஃப்ட் ஒன்றும் நின்றுகொண்டிருந்தது. அது எங்கள் வண்டியைவிடக் கூடுதலாக ஓடியது. அதன் டயர்களும் தேய்ந்திருந்தன. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஜோடி அமையாது.

கடைக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். இந்தத் தொழிலில் ஊறியவர் என்பது அவர் வண்டியைச் சுற்றி வந்த விதத்திலேயே தெரிந்தது. கதவுகளைத் திறந்து மூடி, பானெட்டைத் தூக்கிப் பார்த்து, டிக்கியின் ரப்பர் பீடிங்கை விரலால் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வண்டி நல்லா இருக்கு சார். கலர்தான். ஒயிட்டா இருந்தா இன்னைக்கு சாயங்காலம் போட்டோ போட்டா நாளைக்கே போயிடும். ஆரஞ்சுன்னா அதுக்குன்னு ஒரு பார்ட்டி வரணும்." வெள்ளை வண்டியை உரிமையாளரிடமிருந்து அவர் எடுத்த விலையைவிட எங்களுக்குச் சொன்ன விலை 20,000 ரூபாய் குறைவு. அந்த விலையை அவர் மறைக்கவில்லை என்பதை அவருடைய நேர்மைக்குச் சான்றாகவே எடுத்துக்கொண்டேன். கேட்டதும் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார்.

20,000 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று விடாமல் கேட்டபோதுதான் இந்த மதிப்புரைக்கான சரக்கு கிடைத்தது. அவர் வண்டிகளை வாங்குவது பெரும்பாலும் கடன் பணத்தில். மாதம் இரண்டு வட்டி. நான்கு லட்சத்துக்கு வாங்கிய வண்டி ஒரு மாதம் நின்றால் 8,000 ரூபாய் வட்டியிலேயே போகும். அதற்கு மேல் இடத்து வாடகையில் அந்த வண்டியின் பங்கு, பேட்டரி இறங்காமல் அவ்வப்போது ஸ்டார்ட் செய்வது, தூசி துடைக்கும் பையனின் கூலி. வெள்ளை வண்டி இரண்டு வாரத்தில் போகும், ஆரஞ்சு இரண்டு மாதம் நிற்கும் என்பது அவர் கணக்கு. இடைப்பட்ட ஒன்றரை மாதத்துக்கான செலவை எழுதிக் கூட்டினால் 15,000 ரூபாயை ஒட்டி வருகிறது. மீதியை, நினைத்ததைவிடக் கூடுதலாக நின்றுவிடுமோ என்ற பயத்துக்கான தொகையாக வைத்துக்கொள்ளலாம். நிறத்துக்குக் கழிவு என்று நாம் பொதுவாகப் பேசுவதன் உள்ளடக்கம் இவ்வளவுதான்.

ஆரஞ்சு ஏன் நிற்கிறது என்பதற்கும் அவரிடம் பதில் இருந்தது. நம் ஊரில் பழைய ஸ்விஃப்ட் வாங்க வருகிறவர் தனியாக வருவதில்லை. அப்பா, மனைவி, மாமனார், தெரிந்த மெக்கானிக் என்று ஒரு குழுவாக வருகிறார். அந்த வீட்டுக்கு அது முதல் காராகவும் ஒரே காராகவும் இருக்கும். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி, அலுவலகம் எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான். "மகனுக்குப் புடிக்கும், அப்பாவுக்குப் புடிக்காது. சாவு வீட்டுக்கு ஆரஞ்சு வண்டியில போய் இறங்க முடியுமா சார்னு என்கிட்டயே கேட்டிருக்காங்க" என்றார். வெள்ளையும் வெள்ளியும் சாம்பலும் விலை போவது யாருக்கும் அவை மிகவும் பிடித்திருப்பதால் அல்ல. குழுவில் ஒருவருக்கும் பிடிக்காமல் போகாததால்.

ராசி நிறம் பார்ப்பவர்களும் உண்டு. கறுப்பு சனிக்குரியது என்று ஒதுக்குகிறவர்கள் இருப்பதால், சிறிய கறுப்புக் கார்களை அவர் யோசித்தே எடுப்பாராம். ஆரஞ்சை ராசி காரணமாக மறுத்தவர் யாரையும் அவர் பார்த்ததில்லை. எங்கள் வண்டிக்குக் கிடைத்த ஒரே ஜோதிட அனுகூலம் அது.

வெள்ளையின் செல்வாக்குக்கு எண்களும் துணை நிற்கின்றன. இந்தியாவில் விற்கும் புதிய கார்களில் பத்தில் நான்கு வெள்ளை என்பது பெயின்ட் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளும் சந்தை ஆய்வுகளும் தொடர்ந்து காட்டிவரும் அளவு. ஜாட்டோ டைனமிக்ஸ் என்ற வாகனச் சந்தை ஆய்வு நிறுவனத்தின் தரவுப்படி வெள்ளையின் பங்கு 2021-இல் ஏறத்தாழ 44 சதவீதமாக இருந்து 2024-இல் 39 சதவீதமாக இறங்கியிருக்கிறது. அதே காலத்தில் கறுப்பு 15 சதவீதத்திலிருந்து 21 சதவீதத்தை நெருங்கியிருக்கிறது. கறுப்பைத் தூக்கிவிட்டவை எஸ்.யூ.வி.க்கள். டாடா 2019-இல் ஹாரியரில் 'டார்க்' பதிப்பைக் கொண்டுவந்த பிறகு மற்ற நிறுவனங்களும் முழுக் கறுப்புப் பதிப்புகளை வரிசையாக இறக்கின. அதனால் பெரிய வண்டியில் கறுப்புக்கு இப்போது தனி ஆள் கூட்டம் இருக்கிறது. சின்ன வண்டியில் அந்தக் கூட்டம் இல்லை.

வெள்ளைக்குள்ளும் ஒரு சிக்கல் இருப்பதை இந்தக் கடையில்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். ஸ்விஃப்ட் போன்ற பின்பகுதி குறுகிய வண்டியில் வெள்ளை லாபம்தான். ஆனால் டிசையர், எட்டியோஸ் போன்ற டிக்கி வைத்த வண்டிகளில் வெள்ளை என்றதும் வாங்க வருகிறவர், "டிராவல்ஸ் ஓடின வண்டியா?" என்று ஆரம்பிக்கிறார். டாக்சிகளில் பெரும்பான்மை வெள்ளை என்பதாலும், மஞ்சள் போர்டில் ஓடிய வண்டியைச் சொந்த உபயோகத்துக்கு மாற்றிப் பதிவு செய்ய வழியிருப்பதாலும் அந்தச் சந்தேகம் நியாயமானதே. ஆர்.சி. எனப்படும் பதிவுச் சான்றையும் பழைய இன்சூரன்ஸ் பத்திரங்களையும் காட்டிச் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்றாலும், அதற்குள் பேரம் ஒருபடி இறங்கியிருக்கும். அந்த ரகங்களில் சாம்பலோ பழுப்போ நீலமோ, 'இது வீட்டு வண்டி' என்று வாய் திறக்காமலே சொல்லிவிடுகிறது. ஆக, எந்த நிறத்துக்கு மதிப்பு என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்த வண்டியில் எந்த நிறம் என்றுதான் கேட்க வேண்டும்.

இதே உண்மையை அமெரிக்காவிலிருந்து வரும் ஓர் ஆய்வு வேறு திசையிலிருந்து காட்டுகிறது. ஐசீகார்ஸ் என்ற தளம் மூன்றாண்டு பழைய கார்களின் விலைச் சரிவை நிறவாரியாக அவ்வப்போது கணக்கிடுகிறது. அதன் 2025-ஆம் ஆண்டு முடிவின்படி சராசரிச் சரிவு 31 சதவீதம். மஞ்சள் 24, ஆரஞ்சு 24.4; வெள்ளை 32.1, கறுப்பு 31.9, கடைசி இடத்தில் தங்க நிறம், 34.4. இந்த எண்களைக் கைப்பேசியில் எடுத்துக் கடைக்காரரிடம் காட்டி, ஆரஞ்சுக்கு நீங்கள்தான் கூடுதலாகத் தர வேண்டும் என்று விளையாட்டாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "அங்க போய் வித்துடுங்க சார்" என்றார்.

விளையாட்டை விட்டுவிட்டுப் பார்த்தால் அந்த ஆய்வும் அவர் கணக்கும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. அமெரிக்காவில் மஞ்சளும் ஆரஞ்சும் பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் கரடுமுரடான சாலைக்கான வண்டிகளிலும் வருபவை. அந்த வண்டிகள் எந்த நிறத்திலும் விலை அதிகம் குறையாதவை. மேலும் அங்கே மஞ்சள் வண்டியைத் தேடுகிறவர்களின் எண்ணிக்கை சிறிதென்றாலும் கிடைக்கும் மஞ்சள் வண்டிகள் அதைவிடச் சிறிது. ஊரில் எல்லோரும் வெள்ளை வாங்கினால் விற்க வரும்போதும் எல்லோரிடமும் வெள்ளையே இருக்கும். நம் ஊரில் மகிந்திரா தார் வாங்க வருகிறவர் சிவப்பைக் கண்டு தயங்குவதில்லை என்பது இதே விதியின் உள்ளூர் வடிவம். ஆனால் ஸ்விஃப்டைத் தேடி வருகிறவர் ஆசைக்கு வண்டி தேடுகிறவர் அல்லர். மைலேஜும் சர்வீஸ் செலவும் பார்த்து வருகிறவர். அமெரிக்க எண்களை அப்படியே தூக்கிவந்து, 'பளிச்சென்ற நிறம் வாங்குங்கள், மதிப்பு நிற்கும்' என்று எழுதும் கட்டுரைகளைத் தமிழிலும் பார்க்கிறேன். அவற்றை நம்பிப் புதிய ஸ்விஃப்டுக்கு நிறம் தேர்வு செய்ய வேண்டாம்.

இனி இணையச் சேவை. விண்ணப்பத்தில் வண்டியின் ஆண்டு, ரகம், ஓடிய தூரம், பதிவு செய்த ஊர் எல்லாம் கேட்டார்கள், நிறத்தைக் கேட்கவில்லை. அதை வைத்து அவர்கள் காட்டிய உத்தேச விலை கடைக்காரர் சொன்னதைவிட நன்றாகவே இருந்தது. நிறத்தைப் பொருட்படுத்தாத விலை என்ற அளவில் இது, காப்பீட்டுக்காக வண்டிக்கு இன்சூரன்ஸ்காரர்கள் குறிக்கும் மதிப்பான ஐ.டி.வி. கணக்கைப் போன்றது. அங்கேயும் புதிய விலையிலிருந்து ஆண்டுக்கு இவ்வளவு என்று, மூன்று முதல் நான்கு ஆண்டு வண்டிக்கு 40 சதவீதம், நான்கு முதல் ஐந்து ஆண்டு வண்டிக்கு 50 சதவீதம் என்று கழிப்பார்களே தவிர, வெள்ளைக்கு ஒரு கணக்கு, ஆரஞ்சுக்கு ஒரு கணக்கு என்று கிடையாது. ஐ.டி.வி. ஏட்டில் இருக்கும் மதிப்பு. யாரும் அந்த விலைக்கு நம் வண்டியை வாங்கக் கடமைப்பட்டவர் இல்லை. சேவையின் உத்தேச விலையும் அத்தகையதே என்பது பிறகு தெரிந்தது.

சோதிக்க வந்த இளைஞரின் வேலையை மனமாரப் பாராட்ட வேண்டும். கைப்பேசி அளவுள்ள மீட்டர் ஒன்றை வைத்திருந்தார். அதன் முனையைப் பேனலில் வைத்தால் பெயின்டின் கனத்தை மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் காட்டும். கூரையில் வைத்தார்: 104. பானெட்: 112. முன்கதவு: 109. இடது பின்கதவில் வைத்ததும் 338 என்று காட்டியது. கதவின் கைப்பிடிக்குக் கீழே இன்னும் இரண்டு இடங்களில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த டோர் ரீபெயின்ட் ஆயிருக்குண்ணா. பட்டி வைக்கல, டச்சப் மட்டும்தான். பட்டி இருந்தா ஆயிரத்துக்குப் பக்கத்துல காட்டும்" என்றார். அக்கா குடியிருப்பின் தூணில் உரசி, பிறகு பெயின்ட் அடித்த அதே கதவு. இத்தனைக்கும் வெறும் கண்ணால் எங்களுக்கு எந்த வேறுபாடும் தெரிந்ததில்லை. பம்பர்களில் மீட்டரை வைக்கவில்லை. உலோகத்தின் மேல்தான் அது வேலை செய்யும், பம்பர் பிளாஸ்டிக். அங்கே குனிந்து, வெளிச்சத்துக்குச் சாய்வாகப் பார்த்து, பெயின்ட் தூறல் படிந்திருக்கிறதா என்று விளிம்புகளைத் தடவினார்.

அந்த எண்கள் ஏன் முக்கியம் என்பதை விளக்க வேண்டும். தொழிற்சாலையில் காரின் உடல் முழுவதையும் தொட்டியில் முக்கி மின்னோட்டத்தால் துருத்தடுப்புப் பூச்சு ஏற்றுவார்கள். அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு. எல்லாம் சேர்ந்தும் பெரும்பாலான கார்களில் சுமார் 80 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குகூட முழுதாக வராது. இதில் நிறம் தரும் அடுக்கு எல்லாவற்றிலும் மெல்லியவற்றுள் ஒன்று; பல வண்டிகளில் 15 மைக்ரானை ஒட்டியே இருக்கும். பட்டறையில் இதே கட்டுப்பாட்டோடு அடிக்க முடியாது. அதனால் மறுபடி அடித்த பேனல் கனத்தில் காட்டிக்கொடுத்துவிடும். வாங்குகிறவருக்கு அந்தக் கனம் ஒரு கேள்வி: உரசலா, விபத்தா? கேள்விக்குப் பதில் எதுவாக இருந்தாலும் விலை ஒருமுறை இறங்கிவிடுகிறது. ஏலத்தில் பங்கெடுக்கும் வியாபாரிகள் வண்டியை நேரில் பார்ப்பதில்லை. இந்த அறிக்கையை மட்டுமே பார்க்கிறார்கள். எங்கள் வண்டிக்கு வந்த உச்ச ஏலத்தொகை கடைக்காரரின் விலையைவிட 10,000 ரூபாய் குறைவாக முடிந்தது. பிறகு பேச வந்த பிரதிநிதி, நிறத்தையும் கதவையும் மாற்றி மாற்றிச் சொல்லி அதிலும் குறைக்கப் பார்த்தார். சோதித்தவரின் நேர்த்திக்கும் பேரம் பேசியவரின் தோரணைக்கும் இருந்த தூரம் அதிகம். விண்ணப்பத்திலேயே நிறத்தைக் கேட்டு, அதற்கேற்ப உத்தேச விலையைக் காட்டியிருந்தால் இந்தக் கசப்பே வந்திருக்காது.

மறுபெயின்டில் நிறம் இன்னொரு வகையிலும் குறுக்கே வருகிறது. பெயின்டில் சாலிட், மெட்டாலிக், பேர்ல் என்று மூன்று வகை. சாலிட் வெறும் நிறமி. மெட்டாலிக்கில் அலுமினியச் செதில்கள் கலந்திருக்கும். பேர்லில் மேற்பூச்சிட்ட அபிரகத் துகள்கள் இருக்கும். சில பேர்ல் வெள்ளைகளில் அடி நிறம், முத்துப் பூச்சு, கிளியர் என மூன்று அடுக்கு. சாலிட் வெள்ளையில் ஒரு பேனலை மட்டும் அடித்துப் பக்கத்துப் பேனலோடு ஒப்பேற்றுவது எளிது. மெட்டாலிக் வெள்ளியில் செதில்கள் படியும் கோணம் ஸ்ப்ரே கன் பிடிக்கும் தூரத்துக்கும் காற்றழுத்தத்துக்கும் ஏற்ப மாறும். நேராகப் பார்த்தால் ஒன்றாகவும் பக்கவாட்டில் பார்த்தால் வேறாகவும் தெரியும். புதுப்பேட்டையில் பெயின்டர் ஒருவரிடம் பேசியபோது, தனக்குப் பிடிக்காத வேலை வெள்ளி என்றும், அடுத்தது பேர்ல் வெள்ளை என்றும் சொன்னார். பேர்ல் வெள்ளையில் ஒரு கதவு அடித்தால் பக்கத்துக் கதவுக்கும் ஃபெண்டருக்கும் சாயலை இழுத்துவிட வேண்டியிருக்கிறதாம். வெள்ளை என்றாலே பராமரிப்பு எளிது என்று நம்பி, சில ஆயிரம் கூடுதலாகக் கொடுத்துப் பேர்ல் வெள்ளை வாங்குகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கூடுதல் தொகை பழைய கார் கடையில் திரும்பி வருவதில்லை. வெள்ளை என்ற ஒரே தலைப்பில்தான் இரண்டும் விலை போகின்றன.

வெயில் இன்னொரு தொல்லை. சென்னை வெயிலில் மரநிழல் இல்லாத இடத்தில் வருடக்கணக்கில் நிற்கும் வண்டியில் கூரையும் பானெட்டும் முதலில் போகும். கிளியர் கோட் மங்கி, பிறகு தோல் உரிவதுபோல் உரியும். கிளியர் கோட் இல்லாத பழைய சாலிட் சிவப்பு வண்டிகள் வெளிறி ரோஸ் நிறத்துக்குப் போயிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். கறுப்பில் மங்கலைவிட, போர்வெல் தண்ணீரின் உப்புக் கறையும் துணியால் துடைத்த வட்டக் கீறல்களும் பெரிய தொந்தரவு. வெப்பம் பற்றிச் சொல்வதில் மிகை இல்லை: கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011-இல் ஒரே மாதிரியான கறுப்பு, வெள்ளி நிற ஹோண்டா சிவிக் கார்களை வெயிலில் நிறுத்தி அளந்தபோது, வெள்ளி வண்டியின் கூரை 25 டிகிரி செல்சியஸ் வரையும், உள்ளே காற்று 5 முதல் 6 டிகிரி வரையும் குறைவாக இருந்தது. அக்காவின் வண்டி மூடிய பார்க்கிங்கில் நின்றதால் ஆரஞ்சு மங்கவில்லை. கடைக்காரர் தன் விலைக்குள் இதற்கு ஒரு சலுகை கொடுத்திருந்தார். இணையச் சேவையின் அறிக்கையில் பெயின்டின் மெருகுக்கு என ஓர் இடமே இல்லை. வெளிறிய வெள்ளையும் பளபளக்கும் ஆரஞ்சும் அங்கே 'நல்ல நிலை' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன.

நிறத்தை மாற்றி விற்றுவிடலாமே என்று யோசனை சொல்ல ஆள் எப்போதும் இருப்பார்கள். விசாரித்த வரையில் ஸ்விஃப்ட் அளவு வண்டிக்கு முழு உடலும் ஓரளவு ஒழுங்காக அடிக்க அரை லட்சம் ரூபாயை ஒட்டிக் கேட்கிறார்கள். 20,000 ரூபாய் கழிவைத் தவிர்க்க 50,000 செலவு என்பதோடு கதை முடிவதில்லை. ஆர்.சி.யில் வண்டியின் நிறம் பதிவாகியிருக்கும், மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். திருத்தினாலும், கதவைத் திறந்தால் உள்விளிம்பில் பழைய ஆரஞ்சு எட்டிப் பார்க்கும். மீட்டரை வைத்தால் எல்லாப் பேனலும் கனம் காட்டும். முழு வண்டியும் விபத்தில் சிக்கியதோ என்ற கேள்விதான் மிச்சம். பெயின்டுக்கு மேல் வேறு நிற வினைல் தாள் ஒட்டுவோருக்கும் ஆர்.சி. விஷயம் பொருந்தும். இராணுவத்தின் ஆலிவ் பச்சையை மட்டும் யாரும் தொடக்கூடாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆவது விதி அதைப் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கென ஒதுக்கியிருக்கிறது. செராமிக் கோட்டிங், பெயின்டைக் காக்க ஒட்டும் பி.பி.எஃப். ஃபிலிம் போன்றவை வண்டியை வைத்து ஓட்டுகிறவரின் சந்தோஷத்துக்கு. விற்கும்போது அவற்றுக்குக் கடைக்காரர் பத்து ரூபாய்கூடத் தர மாட்டார்.

இரண்டு விலையும் அக்காவுக்குப் பிடிக்காததால் நேரடியாக விளம்பரம் கொடுத்தோம். கடைக்காரர் சொன்னபடியே நடந்தது. அழைத்தவர்களில் பலர் விளம்பரத்தில் ஆரஞ்சு வண்டியின் படத்தைப் பார்த்துவிட்டே, "வெள்ளை இருக்கா?" என்று கேட்டார்கள். வாரங்கள் ஓடின. கடைசியில் வந்த இளைஞர் ஒருவர், தான் வேலை செய்யும் இடத்தின் பார்க்கிங்கில் வெள்ளைக் கார்களுக்கு நடுவே தன் நண்பரின் வண்டியைத் தினமும் தேட வேண்டியிருப்பதாகச் சொல்லி, நிறத்துக்காகவே வந்தார். பின்கதவு பெயின்ட் அடித்தது என்பதை முதலிலேயே சொன்னோம். அதற்கு 5,000 குறைத்துக்கொண்டார். நிறத்துக்கு ஒன்றும் குறைக்கவில்லை. கடையில் நின்ற அந்த வெள்ளை ஸ்விஃப்டைக் கடைக்காரர் வாங்கிய விலையைவிட எங்களுக்குக் கிடைத்தது சற்றுக் கூடுதல். அந்தக் காத்திருப்பை அக்காவால் தாங்க முடிந்தது, ஏனென்றால் அவருக்கு உடனே பணம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டிருந்தால் கடைக்காரரின் விலைக்கே கொடுக்கச் சொல்லியிருப்பேன்.

ஆகவே மதிப்பெண். கடைக்கு ஐந்தில் நான்கு: நிறத்துக்குக் கழிப்பதை ஒளிக்காமல் கணக்கோடு சொன்னதற்கும், மங்காத பெயின்டுக்கு மதிப்புக் கொடுத்ததற்கும். ஒன்றைக் குறைப்பது, இரண்டு மாதம் நிற்கும் என்பதை எல்லாப் பளிச் நிறத்துக்கும் ஒரேயடியாகப் பொருத்துவதற்காக. சிவப்பு ஸ்விஃப்ட் ஆரஞ்சைவிடச் சீக்கிரம் போகும் என்று அவரே வேறு பேச்சில் சொன்னார், ஆனால் கழிவு இரண்டுக்கும் ஒன்றே. இணையச் சேவைக்கு ஐந்தில் இரண்டரை. அந்த இரண்டரையும் மீட்டர் வைத்திருந்த இளைஞருக்குரியது.

சேவை உடனே திருத்தக்கூடியவை இரண்டு உண்டு. வாங்குவோர் பக்கத்தில் நிறம் வாரியாகத் தேடும் வசதியில் வெள்ளை, வெள்ளி, சாம்பல், கறுப்பு, சிவப்பு, நீலம் என்று வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் 'இதர' என்று ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறார்கள். ஆரஞ்சைத் தேடி வருகிறவர் அங்கே மஞ்சளையும் பழுப்பையும் புரட்டிச் சலித்துப் போவார். அப்படிப்பட்ட ஒருவரைத்தானே அந்த வண்டிக்குத் தேடிக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று புகைப்படம். மூடிய பார்க்கிங்கில் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் எங்கள் வண்டி செங்கல் நிறத்தில் இருந்தது. மெட்டாலிக், பேர்ல் நிறங்களைக் காலை பத்து மணிக்கு முன்னோ மாலை நான்குக்குப் பின்னோ வெளியில் நிறுத்தி எடுத்தால்தான் உண்மை நிறம் தெரியும். நேரடி விளம்பரத்துக்கு நாங்கள் அப்படித்தான் எடுத்தோம்.

பளிச் நிற வண்டி வைத்திருப்பவர்கள் கடைக்குப் போகும் மாதத்தையும் பார்த்துக்கொள்ளலாம். ஆடியிலும் மார்கழியிலும் வண்டி எடுக்கத் தயங்குகிறவர்கள் அதிகம் என்பதால் வெள்ளையே அந்த மாதங்களில் நிற்கும். மற்ற நிறத்துக்குக் கடைக்காரர் போடும் காத்திருப்புக் கணக்கு அப்போது இன்னும் நீளும். ஆவணி பிறந்த பிறகோ தை பிறந்த பிறகோ கொண்டுபோனால் அதே வண்டிக்கு அதே கடையில் பேச்சு சற்று மேலிருந்து ஆரம்பிக்கும்.